அக்டோபர்ப் பேய்கள்: ஹாலோவீன் காலத் திரைப்படங்களும் ஓடிடித் தொடர்களும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதி தொடங்கி அக்டோபர் 31 வரை திரையரங்குகளும், தொலைக்காட்சி நிலையங்களும், இணையம் வழியே வீட்டுத் திரைக்குப் படங்களைத் தரும் ஓடிடி தளங்களும் பேய்ப்படங்களையும் திகில் தொடர்களையும் முன்வரிசைக்குக் கொண்டுவருவது இன்று ஒரு தொழில்மரபாகவே நிலைபெற்றுவிட்டது. இறந்தோருக்கும் உயிரோடிருப்போருக்கும் இடையிலுள்ள எல்லை அன்றிரவு மெலிந்துவிடுகிறது என்ற பழைய கெல்ட்டிய நம்பிக்கையும், நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு என்ற கிறித்தவ வழக்கமும் கலந்து உருவானது ஹாலோவீன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து, பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றுவது, குழந்தைகள் மாறுவேடமிட்டு வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்பது என அமெரிக்காவுக்கே உரிய வடிவத்தை அது பெற்றது. தமிழ் வாசகருக்குப் பழக்கமான தீபாவளி வெளியீட்டை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். தீபாவளிக்கு வரும் படத்துக்குள் தீபாவளி இருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. விடுமுறையும் கூட்டமும் இருந்தால் போதும். அக்டோபர்ப் படமோ அந்தப் பருவத்தின் உணர்வையே தன் சரக்காக அறிவித்துக்கொண்டு வருகிறது. அந்த வாக்கு எந்த அளவுக்குக் காப்பாற்றப்படுகிறது என்பதைக் கொண்டே இம்மரபை எடைபோட வேண்டும்.

இதற்கு வித்திட்டதில் திரையரங்கைவிடத் தொலைக்காட்சிக்கே பங்கு அதிகம். யூனிவர்சல் நிறுவனத்தின் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய இரண்டும் 1931-இல் முறையே பிப்ரவரியிலும் நவம்பரிலும் வெளிவந்தன. அன்று அக்டோபரைக் குறிவைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யூனிவர்சலின் பழைய படங்கள் 52-ஐ 'ஷாக்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாக உள்ளூர் நிலையங்களுக்கு விற்ற பிறகு, வாரந்தோறும் பின்னிரவில் ஒரு பேய்ப்படம் பார்க்கும் பழக்கம் நாடெங்கும் பரவியது. கல்லறை உடையில் தோன்றி, படத்தைத் தொடங்கி வைத்து, இடைவேளைகளில் அதையே கிண்டலடிக்கும் 'திகில் தொகுப்பாளர்' என்ற பாத்திரம் ஊருக்கு ஊர் முளைத்தது. பயத்தையும் நையாண்டியையும் ஒரே மூச்சில் பரிமாறும் இந்தக் குணம் இன்றுவரை ஹாலோவீன் படங்களை விட்டு நீங்கவில்லை. 1966 அக்டோபர் 27 அன்று சிபிஎஸ் ஒளிபரப்பிய சார்லி பிரவுன் பூசணிச் சிறப்புக் கேலிச்சித்திரப் படம் இம்மரபின் மென்மையான பக்கத்தைக் காட்டியது: மற்றக் குழந்தைகள் மிட்டாய் வாங்கப் போயிருக்க, பூசணித் தோட்டத்தில் இரவெல்லாம் காத்திருக்கும் லைனஸ் என்ற சிறுவன், தான் நம்பும் பெரிய பூசணித் தெய்வத்தைக் கடைசிவரை காண்பதில்லை. ஆண்டுதோறும் ஒருமுறை மட்டுமே வந்ததனால், அதைப் பார்ப்பதே பண்டிகையின் ஓர் அங்கமாகிவிட்டது.

இம்மரபின் உச்சம், தயங்காமல் சொல்லலாம், ஜான் கார்ப்பென்டர் இயக்கி 1978 அக்டோபரில் வெளிவந்த 'ஹாலோவீன்'. மூன்று லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் சுமார் 7 கோடி டாலர் ஈட்டிய இப்படம், முகமூடி அணிந்த கொலைகாரன் ஒருவன் இளைஞர்களை ஒவ்வொருவராக வேட்டையாடும் 'ஸ்லாஷர்' வகைக்கு இலக்கணம் வகுத்துத் தந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஒரு கற்பனைச் சிற்றூரில் இலையுதிர் காலத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் கதை, உண்மையில் கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் படமாக்கப்பட்டது. தாளிலைகளுக்குச் சாயமடித்துத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் திரும்ப அள்ளி, அடுத்த தெருவில் மறுபடி தூவியிருக்கிறார்கள். அத்தனை பாடுபட்டும் சில சட்டகங்களில் பின்னணியில் பனைமரம் தலைநீட்டுகிறது. ஆயினும் அந்த ஊர் நம்பும்படி இருக்கிறது. காரணம், படத்தின் பயம் இருட்டைச் சார்ந்திருக்கவில்லை. பட்டப்பகலில், செடிவேலி ஓரத்தில், அசையாமல் நிற்கிறான் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ்; கதாநாயகி லோரி மறுபடி பார்க்கும்போது அங்கே ஆளில்லை. எல்லோரும் முகமூடி அணியும் ஒரே நாளில் உண்மையான கொலைகாரனின் முகமூடியை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதே கதையின் அச்சாணி, ஆகவே அந்தத் தேதியை மாற்றினால் கதையே நிற்காது. கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு: படத்துக்குள் வரும் குழந்தைகள் அன்றிரவு தொலைக்காட்சியில், 1951-இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' போன்ற பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹாலோவீன் இரவில் பயப்படம் பார்க்கும் வழக்கத்தைத் தன் கதைக்குள்ளேயே பதிவுசெய்து, அந்த வழக்கத்தில் தானும் ஒன்றாகிவிட்ட படம் இது.

இம்மரபின் நற்பயன்களுள் முதன்மையானது, பெரிய நடிகரோ பெரிய முதலீடோ இல்லாத படங்களுக்கு அது தரும் இடம். ஓரென் பெலி தம் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி', 2009 அக்டோபரில் பரவலாகத் திரையிடப்பட்டு 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கதைமாந்தரே பதிவுசெய்த காட்சிகள் பிறகு கண்டெடுக்கப்பட்டதாகப் பாவிக்கும் இந்த வகைப் படத்தில், படுக்கையறைக் கதவு தானாகச் சிறிது அசைவதைத் தவிரப் பல நிமிடங்களுக்கு எதுவும் நடப்பதில்லை; வேறு மாதத்தில் இவ்வளவு பொறுமையான பார்வையாளர் கிடைத்திருப்பாரா என்பது ஐயமே. கைவிடப்பட்ட படங்களும் இம்மரபால் பிழைத்திருக்கின்றன. டிஸ்னியின் 'ஹோகஸ் போகஸ்' 1993 ஜூலையில், அதாவது நடுக்கோடையில், வெளியாகித் தோல்வி கண்டது. பின்னர் அக்டோபர்தோறும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்து ஒரு தலைமுறைக்கே பிடித்த படமாகி, 2022-இல் இரண்டாம் பாகத்தையும் பெற்றது. மைக்கேல் டோஹர்ட்டியின் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' திட்டமிட்டபடி 2007-இல் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. 2009 அக்டோபரில் நேராகக் குறுந்தகட்டில் வந்த அந்தப் படத்தில், சாக்குத்துணி முகமூடியணிந்த சாம் என்னும் சிறுவன் ஹாலோவீன் விதிகளை மீறுவோரைத் தண்டிக்கிறான். இன்று அது அக்டோபர்ப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

குறைகளுக்கு வந்தால், முதலில் கண்ணில் படுவது மறுபதிப்பு மோகம். 'சா' வரிசை 2004 முதல் 2010 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு படங்களை அக்டோபரில் இறக்கியது. முதற்படத்திலிருந்த புதிர்த்தன்மை குறையக் குறையச் சித்திரவதைப் பொறிகள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின. இதைவிடப் படிப்பினை மிக்கது 1982-இல் வந்த 'ஹாலோவீன் 3'. ஆண்டுதோறும் அதே பெயரில் வெவ்வேறு கதைகளைச் சொல்லலாம் என்று கார்ப்பென்டரும் அவருடைய கூட்டாளி டெப்ரா ஹில்லும் எண்ணியதால், டாமி லீ வாலஸ் இயக்கிய இந்தப் படத்தில் மைக்கேல் மையர்ஸ் இல்லை. அதன் கதையில் ஒரு முகமூடித் தொழிற்சாலை முதலாளி, நாடெங்கும் உள்ள குழந்தைகள் தம் முகமூடியை அணிந்தபடி ஒரே நேரத்தில் ஒரே தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்க்குமாறு ஏற்பாடு செய்து, அந்த நொடியில் அவர்களைக் கொல்லத் திட்டமிடுகிறார். பண்டிகையை வணிகம் விழுங்குவதைப் பற்றி இம்மரபுக்குள்ளிருந்து வந்த மிகக் கூர்மையான விமர்சனம் இதுவே. அன்றைய பார்வையாளர்களோ பழைய கொலைகாரனைக் காணோம் என்று வெறுத்தனர். 1988-இல் வந்த நான்காம் பாகம் மைக்கேல் திரும்பி வந்துவிட்டான் என்பதைத் தலைப்பிலேயே உறுதிகூறியது. புதுமைக்கு இடமளிக்கும் அதே பருவம், தன்னைப் பற்றிய புதுமையை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது குறை பயத்தின் இயல்பைத் தொட்டது. எதிர்பாராமையே பயத்துக்கு உயிர். ஆனால் மாதம் முழுவதும் பயத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டால், பார்வையாளர் கவசம் அணிந்துகொண்டே உட்காருகிறார். மைக் ஃபிளானகன் உருவாக்கிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்ற ஓடிடித் தொடர் இந்தக் கவசத்தை உடைக்கும் வழியை அறிந்திருந்தது. அதன் எட்டாம் பகுதியில் சகோதரிகள் இருவர் ஓடும் காரில் குடும்பப் பூசலொன்றைப் பற்றி உரக்க வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்வையாளரின் கவனம் முழுவதும் யார் பக்கம் நியாயம் என்பதில் இருக்கும்போது, இறந்த தங்கையின் உருவம் பின்னிருக்கையிலிருந்து இருவருக்கும் நடுவே அலறலோடு பாய்கிறது. முன்னறிவிப்பு இசை இல்லை, இருண்ட தாழ்வாரம் இல்லை. பிபிசி 1992 அக்டோபர் 31 அன்று ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' இன்னும் துணிந்தது: முன்பே பதிவுசெய்த நாடகத்தை, மைக்கேல் பார்க்கின்சன் போன்ற உண்மையான தொகுப்பாளர்களைக் கொண்டு நேரலைச் செய்தி விசாரணைபோல் காட்டியதால், பலர் அதை மெய்யென்றே நம்பினர், புகார்கள் குவிந்தன, பிரிட்டனில் பிபிசி அதை மீண்டும் ஒளிபரப்பவே இல்லை. குழந்தைகளும் பார்த்த நேரத்தில் அப்படிச் செய்தது முறையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கலை என்ற அளவில், அந்த இரவை இத்தனை முழுமையாகப் பயன்படுத்திய படைப்பு வேறில்லை.

ஓடிடி தளங்கள் வந்தபின் இம்மரபு பெருத்தது, கூடவே நீர்த்தும் போனது. ஒளிபரப்புக் காலத்தில் நாடு முழுவதும் ஒரே இரவில் ஒரே படத்தைப் பார்த்ததுதான் அதைச் சடங்காக்கியது. ஓடிடி மாதத்தின் பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு அந்த இரவைக் கைவிட்டுவிட்டது. 'ஹில் ஹவுஸின்' பத்துப் பகுதிகளும் 2018 அக்டோபர் 12 அன்று ஒரே நேரத்தில் வெளியாயின. ஒருவர் இறுதிப் பகுதிக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் பகுதியில் இருந்தார். சார்லி பிரவுன் பூசணிப் படத்தின் உரிமையை 2020-இல் ஆப்பிள் வாங்கியபோது எழுந்த எதிர்ப்பை இந்த இழப்பின் வெளிப்பாடாகவே கொள்ளலாம். அந்நிறுவனம் சில நாட்களுக்குப் படத்தை இலவசமாகத் திறந்துவிட்டது, அடுத்த ஆண்டு பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸிலும் அது காட்டப்பட்டது. இழந்ததை ஓரளவு மீட்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை: 2022-இல் நெட்ஃபிளிக்ஸ், கியர்மோ டெல் டோரோவின் எட்டுக் கதைத் தொகுப்பை அக்டோபர் 25 முதல் நாளுக்கு இரண்டாக நான்கு நாட்கள் வெளியிட்டது. திகிலுக்கென்றே நடத்தப்படும் ஷடர் தளத்தில் 2018-இல் ஜோ பாப் பிரிக்ஸ் என்ற பழைய பாணித் தொகுப்பாளர் 24 மணிநேரத் தொடர்காட்சி நடத்தியபோது, ஒரே நேரத்தில் குவிந்த கூட்டத்தைத் தாங்காமல் தளமே முடங்கியது. அது நடந்தது ஜூலையில். பார்வையாளர் தேடுவது சேர்ந்து பார்க்கும் நேரத்தை. குறிப்பிட்ட மாதம் அதற்கு அடுத்ததுதான்.

பேய்க்கதைக்கு உரிய பருவம் அக்டோபர் என்பதும் உலகப் பொதுவிதியன்று. இங்கிலாந்தில் அது கிறிஸ்துமஸுக்கு உரியது. டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' 1843-இல் வந்ததும், பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பேய்க்கதை ஒளிபரப்பியதும் அந்த வழக்கத்தில்தான். ஜப்பானிலோ முன்னோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் கோடைக்காலமே பேய்க்கதைகளின் காலம். புகழ்பெற்ற கபுகி நாடகமான 'யோட்சுயா கைடான்' 1825 கோடையில் அரங்கேறியது.

இந்த உண்மையை மறந்துவிட்டதால்தான் அமெரிக்க வெளியீட்டு நாட்காட்டி இன்று தன் படைப்புகளையே தவறான இடத்தில் அடுக்குகிறது. ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' கிறிஸ்துமஸ் முன்னிரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்தவர்களிடம் தொடங்குகிறது. அதை ஃபிளானகன் 'பிளை மேனர்' என்ற தொடராக்கியபோது அந்தத் தொடக்கம் ஒரு திருமண முன்விருந்தாக மாறி, தொடர் 2020 அக்டோபர் 9 அன்று வெளியானது. அவருடைய 'மிட்நைட் மாஸ்' தவக்காலத்தில் தொடங்கி ஈஸ்டரில் முடியும் கதை, உயிர்த்தெழுதலே அதன் பொருள். வந்ததோ 2021 செப்டம்பர் 24 அன்று, ஹாலோவீன் வரிசையின் முதற்சரக்காக. 'டெரிஃபையர் 3' படத்தில் கோமாளிக் கொலைகாரன் கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் கோடாரியோடு திரிகிறான். 2024 அக்டோபர் 11 அன்று வெளியாகி அந்த வாரம் அமெரிக்க வசூலில் முதலிடம் பிடித்தது. இவற்றில் முதலிரண்டும் நல்ல படைப்புகள், 'மிட்நைட் மாஸ்' ஃபிளானகனின் ஆகச் சிறந்த ஆக்கம் என்றே கூறலாம். ஆயினும் அக்டோபர் என்ற முத்திரை அவற்றுக்கு எதையும் கூட்டவில்லை, அவற்றின் சொந்தப் பருவத்தை மறைக்கத்தான் செய்கிறது. ஆகவே தளங்கள் அடுக்கித் தரும் பட்டியலை ஒதுக்கிவிட்டு, 'மிட்நைட் மாஸை' ஈஸ்டருக்கு முந்திய வாரத்துக்கும், 'பிளை மேனரை' டிசம்பர் குளிருக்கும் தள்ளிவைத்துப் பார்க்கலாம். அக்டோபர் 31 இரவுக்கு, நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், 1978-ஆம் ஆண்டின் 'ஹாலோவீன்' ஒன்றே போதும்.