கனமில்லாத சுவர்

நல்ல அடுப்பு என்றால் தடித்த மண் அடுப்பு என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். களிமண்ணை மிதித்துக் குழைத்து, கைப்பருமனுக்குச் சுவர் எழுப்பி, மேலே மூன்று குமிழ் வைத்து, சாணி மெழுகி முடித்தால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடும். ராக்கெட் அடுப்பிடம் எனக்குப் பிடித்ததே, அந்த மதிப்பை அது சட்டை செய்யாததுதான். அதன் சுவர் எவ்வளவு பருமனாகவும் இருக்கலாம். கனமாக மட்டும் இருக்கக் கூடாது.

மண்ணின் கனத்தை நம்பி ஏமாந்த கதை ஒன்று உண்டு. 1976 நிலநடுக்கத்துக்குப் பின் குவாத்தமாலாவில் மணலும் களிமண்ணும் பிசைந்து ‘லொரேனா’ என்ற பெரிய அடுப்பைப் பரப்பினார்கள். புகைபோக்கி இருந்ததால் சமையலறை தெளிந்தது. விறகுதான் மிச்சமாகவில்லை. பிறகு அளந்து பார்த்தால், கவனமாக எரித்த மூன்று கல் அடுப்பைவிட அது அதிகமாகத் தின்றிருந்தது. முதலில் சுவர் வயிறு முட்டச் சூட்டைக் குடிக்கும். அதற்குப் பிறகுதான் சட்டிக்கு. அந்த முயற்சியில் பங்கிருந்த அமெரிக்காவின் ஓரிகன் மாநில அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில்தான், 1980களில் லாரி வினியார்ஸ்கி இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் போட்டார். நெருப்பைச் சுற்றி மண் வேண்டாம், அசையாத காற்று இருக்கட்டும் என்றார். சாதாரணச் செங்கல் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட அசையாத காற்று கடத்தாது. ஆனால் காற்றைச் சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா? ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அறைகளில் பூட்டி வைக்க வேண்டும். நுரைக்கல், வெர்மிகுலைட், பெர்லைட், மரச்சாம்பல் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

மலேசியாவின் சுங்கை பாக்காப்பில் இந்த அடுப்பைக் கட்ட நினைப்பவர், காற்றைப் பூட்டும் பொருளுக்காகக் கடைக்குப் போகத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களாகவும் பிறகு ரப்பராகவும், அதன் பிறகு செம்பனையாகவும் மாறிய தென் செபராங் பிறை இது. லயத்து வீடுகளில் ரப்பர் கட்டை எரிந்த காலம் போய்விட்டது. மானிய விலையில் 14 கிலோ கேஸ் 26 வெள்ளி 60 காசுக்கு வருகிறது. சோறு மின்குக்கரில் வேகிறது. ஆனாலும் தீபாவளி முறுக்குக்கும் பொங்கல் பானைக்கும் விசேஷத்துக்கு முதல் நாள் ஆட்டுக்கறிக்கும், கொல்லையில் செங்கல் அடுக்கி விறகு மூட்டும் பழக்கம் விட்டுப்போகவில்லை. அந்தச் செங்கல் அடுக்குக்குப் பதிலாகத்தான் இதைச் சொல்கிறேன். தினப்படி குழம்புக்கு இல்லை.

வெளிக்கூடு ஒரு சதுர எண்ணெய் டின். உள்ளே, பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் முழங்கை போல மடங்கிய குழாய்: படுக்கையாக விறகு வாய், செங்குத்தாக முப்பது சென்டிமீட்டர் நெருப்புப் பாதை. இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் உமிச் சாம்பல். செபராங் பிறை நெல் விளையும் மண், உமிக்குப் பஞ்சமில்லை. எரிந்த உமியைக் கைப்பள்ளத்தில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மரம் எரிந்தால் பொடியாகிறது. உமியில் சிலிக்கா நிறைய இருப்பதால் உருவம் அழிவதில்லை. ஒவ்வொரு சாம்பல் துணுக்கும் குட்டித் தோணியாக வளைந்தே கிடக்கிறது. தோணிக்கும் தோணிக்கும் நடுவில் காற்று, தோணியின் உடம்பில் உள்ள நுண்துளைகளிலும் காற்று. ஒரு டின் நிறையக் கொட்டித் தூக்கினாலும் கைக்குச் சுமை தெரிவதில்லை. அந்த எடையின்மைதான் நாம் தேடும் சுவர். குத்தி அடைத்தால் தோணிகள் நொறுங்கும், காற்று போய்விடும். அதனால் மெல்லத் தட்டி இறங்கவிடுவதோடு சரி. கொட்டும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

இந்த ஊரில் சாம்பலுக்கு எதிரி மழை. நனைந்த சாம்பலில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். காப்பு அதோடு முடிந்தது. மேலே தகர மூடி கட்டாயம். அந்த மூடி கழற்ற வருவதாக இருப்பது இன்னும் நல்லது. எரிய எரிய உள்ளே சாம்பல் அமிழ்ந்து, குழாயின் உச்சியில், நெருப்பு மூர்க்கமாக இருக்கும் இடத்தில், இடைவெளி விழும். விறகு வாயில் சேர்ந்த சாம்பலைச் சலித்து அதில் நிரப்பலாம். நேற்றைய நெருப்பு விட்டுப்போனதே இன்றைய நெருப்புக்கு அரணாகிறது என்ற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அடுத்த நுணுக்கம் விறகு வாயில் இருக்கிறது. குறுக்கே ஒரு தகரத் தட்டு. சுள்ளிகள் அதன் மேல், காற்றுக்கு அதன் கீழ் வழி. நுனி மட்டுமே எரிகிறது. தட்டுக்கு அடியில் நுழைந்த காற்று கங்குகளின் ஊடே ஏறிச் சூடாகித்தான் தீயைத் தொடுகிறது. ஊதுகுழலுக்கு வேலையில்லை, செங்குத்துக் குழாயே இழுத்துக்கொள்கிறது. புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதானே? 600 பாகை செல்சியஸுக்கு மேல் அது பெரும்பாலும் எரிந்துவிடும். மண் சுவர் பக்கத்தில் இருந்தால் அந்தச் சூடு சீக்கிரம் கூடாது. சாம்பல் சுவர் சூட்டை வாங்க மறுப்பதால், மூட்டிய சற்று நேரத்தில் குழாய்க்குள் மெல்லிய உறுமல் கேட்கிறது, புகை குறைகிறது.

குறையும் சொல்ல வேண்டும். அந்தச் சூட்டில் மெல்லிய தகரக் குழாய் சில மாதங்களில் அரித்துப்போகும். மரத்தூளோ உமியோ கலந்த களிமண்ணைச் சுட்டு, அவை எரிந்துபோன துளைகளோடு செய்யும் இலேசான செங்கல் நீடிக்கும். உகாண்டாவில் அப்படி ஆறு கல்லை வட்டமாக நிறுத்தி அடுப்பாக்கினார்கள். சிமெண்டில் வார்த்து ‘ராக்கெட்’ என்று பெயரிட்டு விற்கும் கட்டிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது; லொரேனாவின் தவறேதான், வடிவம் மட்டும் வேறு.

கனமே குற்றம் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். தெற்கே மாநில எல்லை தாண்டினால், தைப்பிங் அருகே கோலா செபதாங்கில், பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தைக் கரியாக்கும் சூளைகள் வரிசையாகக் குந்தியிருக்கின்றன. செங்கல்லும் மண்ணும் சேர்ந்த குமிழ்க் கூரை அவற்றுக்கு. அங்கே சூடு வாரக்கணக்கில் அடங்கி நிற்க வேண்டும். சுவர் குடித்துத் தேக்குவதே அங்கே நன்மை. முறுக்குச் சட்டிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க முடியாதே!

என்னைக் கேட்டால் இந்த அடுப்பின் உச்சம் சட்டியின் அடியில் இருக்கிறது. சூடான காற்று போகும் பாதையின் பரப்பு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. பத்து சென்டிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ 78 சதுர சென்டிமீட்டர். அதே பரப்பு கிடைக்க, குழாயின் விளிம்புக்கு மேல் சட்டி இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். 24 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டியின் ஓரத்துக்கு வரும்போது சுற்றளவு பெருகிவிடுவதால் ஒரே ஒரு சென்டிமீட்டர் போதும். சட்டியைச் சுற்றி நிற்கும் தகரப் பாவாடையும் அதே ஒரு சென்டிமீட்டர் தள்ளி. இடைவெளி அகன்றால் சூடு சட்டியைத் தொடாமல் நழுவும்; குறுகினால் இழுப்பு செத்துப் புகை விறகு வாய் வழியே திரும்பும். நம் மண் அடுப்பின் குமிழ்களும் சட்டியைத் தூக்கிப் பிடித்துத் தீக்கு வழி விட்டவைதான். அந்த உயரத்தைக் கைப்பழக்கம் தீர்மானித்தது.

இதில் ஒரு தொல்லை உண்டு. பாவாடை ஒரு சட்டிக்குத்தான் பொருந்தும். கறிக் குண்டானுக்கு ஒன்று, பொங்கல் பானைக்கு ஒன்று என்று தனித்தனியே வெட்ட வேண்டும். பலரும் அடுப்பை அழகாகக் கட்டிவிட்டு இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். செலவைச் சுருக்க வேண்டுமென்றால் வெளிக்கூட்டில் சுருக்கட்டும். பழைய பெயின்ட் டின்னே போதும். தகரத்தையும் கத்தரியையும் பாவாடைக்கு மிச்சம் வைக்கட்டும்.