திருடர்கள் சமைத்த விருந்து

மனந்திரும்பும் திருடனின் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு: நல்லவனாக வேண்டுமானால் முதலில் தொழிலை விட வேண்டும். மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கி 1955இல் வெளிவந்த ‘வீ ஆர் நோ ஏஞ்சல்ஸ்’ இந்த வழக்கத்தைச் சட்டை செய்யவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் குற்றவாளிகள் இளகும் ஹாலிவுட் படங்களில் நான் இதையே முதலில் வைப்பேன்.

பிரெஞ்சு கயானாவில் சிறையிலிருந்து தப்பிய மூவர், கயேன் நகரத்துக் கடை ஒன்றில் ஒழுகும் கூரையைச் சரிசெய்வதாகச் சொல்லி நுழைகிறார்கள். இருட்டியதும் கடையைக் கொள்ளையடித்துக் கப்பலேறுவது திட்டம். ஆனால், கூரை ஓட்டை வழியே அந்தக் குடும்பத்தின் கஷ்டமெல்லாம் கண்ணில் படுகிறது. கடை நொடித்துக் கிடக்கிறது, மகள் காதலில் தவிக்கிறாள், கணக்குக் கேட்கப் பாரிஸிலிருந்து முதலாளி வந்துகொண்டிருக்கிறார்.

ஹம்ப்ரி போகார்ட் ஏற்ற ஜோசப் மோசடிக்காரன். கல்லாவில் நின்றவன், வழுக்கைத் தலையர் ஒருவரிடம் சீப்பும் பிரஷும் விற்றுவிடுகிறான்! குடும்பத்துக்காகக் கணக்குப் புத்தகத்தில் பொய் எழுதுகிறான். மூவரும் சமைக்கும் விருந்தில் பெரும்பாலானவை திருட்டுச் சரக்கு. கர்ட்டிஸின் நுட்பம் இதில்தான் இருக்கிறது. இவர்களின் கைப்பழக்கம் அப்படியே இருக்கிறது, அது யாருக்குப் பயன்படுகிறது என்பது மட்டும் மாறுகிறது. முதலாளியின் சாவிலும் இதே துணிச்சல்தான். விஷப்பாம்பு இருக்கும் பெட்டியை அவராகவே பறித்துக்கொண்டு போகிறார். எச்சரிக்க வேண்டியவர்களோ நிதானமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பாம்பைக் கடைசிவரை நாம் பார்ப்பதேயில்லை. ஆல்பர்ட் ஹுஸ்ஸோன் 1952இல் எழுதிய ‘தேவதூதர்களின் சமையலறை’ என்ற பிரெஞ்சு நாடகம்தான் மூலம். அமெரிக்க மேடை வழியாகத் திரைக்கு வந்ததால் படத்தில் மேடை வாசனை பலமாகவே அடிக்கும். மூவரில் ஒருவராக வரும் பீட்டர் உஸ்தினோவின் சோம்பலான குறும்பு அதை ஈடுகட்டுகிறது.

இந்த வகைப் படங்களின் வேர் நகைச்சுவையில் இல்லை. பீட்டர் பி. கைன் 1913இல் எழுதிய குறுநாவலில், பாலைவனத்தில் ஓடும் கொள்ளையர் மூவரிடம் சாகும் தாய் தன் பச்சிளங்குழந்தையை ஒப்படைக்கிறாள். வில்லியம் வைலர் 1929இல் எடுத்த வடிவத்தில், குழந்தையை ஊர் சேர்க்கும் கடைசித் திருடனும் செத்துப்போகிறான். ஜான் ஃபோர்டு 1948இல் எடுத்தபோது ஜான் வெய்ன் பிழைக்கிறார், ஆனால் ஓராண்டும் ஒரு நாளும் சிறை. சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனின் கதை இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது. அவனுக்கும் சொர்க்கம் கிடைத்தது, தண்டனை நீங்கவில்லை.

1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளும் அதையே கேட்டன: பார்வையாளரின் பரிவு குற்றத்தின் பக்கம் சாயக்கூடாது. ‘ரிமெம்பர் த நைட்’ (1940) இந்தக் கட்டாயத்தை மிக அழகாகக் கையாண்டது. கிறிஸ்துமஸ் நேரத்தில் ஜூரிகள் இரக்கப்படுவார்கள் என்பதால் அரசு வழக்கறிஞர் ஒரு திருடியின் விசாரணையைத் தள்ளிவைக்கிறார். பண்டிகைக்கு அவள் சிறையில் கிடக்க வேண்டாமே என்று வெளியே எடுத்து, தன் வீட்டுக்கே அழைத்துப்போகிறார். கடைசியில் அவருக்காகவே அவள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். பார்பரா ஸ்டான்விக்கின் அந்த முகத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். வங்கிக்குச் சுரங்கம் தோண்ட வாங்கிய பயணப்பெட்டிக் கடையில் வியாபாரம் சூடுபிடிக்கும் ‘லார்சனி, இங்க்.’ (1942) அதைவிட லேசான படம்.

கர்ட்டிஸ் படத்தின் முடிவோடு எனக்குத் தீராத பிணக்கு உண்டு. வெளியுலகம் சிறையைவிட மோசம் என்று முடிவுகட்டி மூவரும் தாமாகவே திரும்புகிறார்கள். தலைக்கு மேல் ஒளிவட்டம் தோன்றுகிறது, பாம்புக்கும் ஒன்று. தணிக்கை விதியும் காப்பாற்றப்பட்டது, சிரிப்பும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிறை எப்படிப்பட்டது? 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி, எட்டாண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவன் விடுதலைக்குப் பிறகும் அதே அளவு காலம் கயானாவிலேயே கிடக்க வேண்டும். எட்டாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆயுள் முழுக்க. காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். பத்திரிகையாளர் ஆல்பர்ட் லோந்தர் 1923இல் அதை அம்பலப்படுத்தினார். அப்படியும் கைதிகளை அங்கே அனுப்புவது 1938இல்தான் நின்றது. மிஞ்சியிருந்த கடைசிக் கைதிகள் ஊர் திரும்பியது 1953இல், படம் வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு. அந்த நரகத்துக்குச் சிரித்தபடி திரும்பிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1989இல் நீல் ஜோர்டான் அதே பெயரில் ராபர்ட் டி நிரோ, ஷான் பென் இருவரையும் வைத்து எடுத்த படத்தில் தணிக்கைக் கட்டாயம் ஏதுமில்லை. தப்பியோடியவர்கள் பாதிரியார்களாக வேடமிடுகிறார்கள். கடையும் இல்லை, குடும்பமும் இல்லை, விருந்தும் இல்லை. யாருக்காகத் தங்கள் வித்தையைக் காட்டுவார்கள்? பெயரைப் பார்த்து ஏமாறாமல், 1955ஆம் ஆண்டுப் படத்தையே தேடிப் பாருங்கள்.