ரெட் பால் சாலையின் ஓட்டுநர்கள்

1944 ஆகஸ்ட் 25. நார்மண்டியிலிருந்து பாய்ந்து முன்னேறிய நேச நாட்டுப் படைகளுக்குப் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. பிரான்சின் ரயில் பாதைகளோ குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தன. அன்று தொடங்கியதுதான், லாரிகளில் சரக்கு கொண்டுசேர்த்த அமெரிக்க ராணுவத்தின் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ சேவை. செயின்ட் லோவிலிருந்து சார்ட்ர் வரை, போக ஒரு சாலை, திரும்ப ஒரு சாலை. பொதுமக்களின் வண்டிகளுக்கு இடமில்லை.

ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பின அமெரிக்கர்கள். போருக்கு முன் ஸ்டீயரிங்கைத் தொட்டறியாதவர்களும் அவர்களில் உண்டு.

இரண்டரை டன் ஜிஎம்சி லாரியில் அவர்கள் காட்டிய கைத்திறன்தான் வியக்க வைக்கிறது. ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஓடும் வண்டியிலேயே இடம் மாறி உட்காரவும் பழகியிருந்தார்கள். வேகம் மணிக்கு 25 மைல் என்பது உத்தரவு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டி ஓட்டியவர்கள் பலர். போர்முனை நெருங்கினால் முழு விளக்குகள் அணைந்துவிடும். பூனைக்கண் போன்ற சிறு விளக்கின் கீற்றில், முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கையே நம்பி, பெட்ரோலும் பீரங்கிக் குண்டும் ஏற்றிக்கொண்டு விரைந்தார்கள். உச்சத்தில் ஏறக்குறைய 6,000 வண்டிகள். ஒரே நாளில் சுமார் 12,500 டன் சரக்கு.

நவம்பர் 16இல் அந்தச் சேவை முடிந்தது. போர் முடிந்து அமெரிக்கா திரும்பியவர்கள் குடும்பத்தைக் காப்பாற்ற வேலை தேடினார்கள். நல்ல சம்பளம் தரும் நெடுந்தூர லாரி வேலை கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. ஊருக்குள் ஓடும் வண்டியே கிடைத்தது. பிரான்சில் இரவெல்லாம் ஓட்டிய கைகளுக்கு நேர்ந்த பெரும் அநீதி இது. இத்தகைய பாகுபாடு குறித்த, லாரி ஓட்டுநர் சங்கமான டீம்ஸ்டர்ஸ் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 1977.