அறிவித்தலும் வதந்தியும்: கொச்சிக்கடையை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

கவிதை, நாவல், நாடகம் என்பவற்றோடு தன் எல்லையை வகுத்துக்கொள்வது இலக்கிய விமர்சனத்தின் வழக்கம். ஆயின், உயிராபத்து நேர்ந்த காலத்திலே ஒரு சமூகம் எழுதியவையும் பேசியவையும் விமர்சனத்துக்குரிய பனுவல்களே. கொவிட்-19 நோய் பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளிற் கொழும்பு நகரின் தமிழ்பேசும் மக்களிடையே இருவகைப் பனுவல்கள் அக்கம்பக்கமாக உலாவின. ஒன்று, சுகாதாரப் பகுதியினரும் மாநகர சபையும் பொலிசாரும் விடுத்த அறிவித்தல். மற்றது, வாய்வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் பரவிய வதந்தி. முன்னையது அறிவு, பின்னையது அறியாமை; அறிவை இன்னும் சற்று உரத்து ஒலித்தால் அறியாமை தானே விலகிவிடும் என்ற நம்பிக்கையே வதந்தியை எதிர்த்து மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பலவற்றின் அடித்தளமாக இருந்தது. தகவலும் ஒரு கொள்ளைநோய்போற் பரவுகின்றது என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் சொல்லை உலக சுகாதார நிறுவனம் 2020 பெப்ரவரியில் வழக்கிற்குக் கொண்டுவந்தது. உவமை கவர்ச்சியானதுதான். ஆனால் கிருமிக்கு நோக்கம் எதுவுமில்லை. வதந்தி பேசுபவனுக்கு உண்டு. அந்நோக்கம் யாதென வினவாத எந்த முயற்சியும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

கொச்சிக்கடை இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான களம். துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் அடுத்துக் கிடக்கும் இச்சிறு பரப்பில் புனித அந்தோனியார் திருத்தலமும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் நடைதூரத்தில் உள்ளன. இவற்றைச் சூழ, ‘வத்தை’ எனவும் ‘தோட்டம்’ எனவும் மக்கள் வழங்கும் நெருக்கமான குடியிருப்புகள். பல குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க்குழாய், ஒரு மலசலகூட வரிசை. வீட்டுக்குள் இருங்கள் என்ற கட்டளை இங்கே எத்தகைய பொருளைத் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாளாந்தக் கூலியில் வாழும் துறைமுகத் தொழிலாளிக்கும் நாட்டாமைக்கும் நடைபாதை வியாபாரிக்கும் வீட்டிலிருத்தல் என்பது பட்டினியிருத்தல் என்பதன் மறுபெயர்.

இன்னொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2019 ஏப்ரில் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு ஆராதனையின்போது குண்டு வெடித்த ஆலயங்களுள் ஒன்று இக்கொச்சிக்கடைத் திருத்தலம். அத்தாக்குதல் பற்றிய எச்சரிக்கைகள் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே கிடைத்திருந்தும் அவை மக்களைச் சென்றடையவில்லை. பொறுப்பிலிருந்தோர் கடமை தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 சனவரியிலே தீர்ப்பளித்தது. “மேலிடத்துக்கு எல்லாம் தெரியும், எங்களுக்குத்தான் சொல்வதில்லை” என்னும் மனப்பான்மை பிற ஊர்களில் வெறும் ஐயமாக இருக்கலாம். இவ்வூரில் அது அனுபவம். ஓராண்டு நிறைவதற்குள் அதே அதிகாரம், அதே தொனியில், வேறோர் ஆபத்தைப் பற்றிப் பேச வந்தது.

அவ்வதிகாரம் பேசிய தமிழை முதலில் நோக்கலாம். தொற்றுக்குள்ளானோருடன் பழகியவரைத் தனியே வைத்துக் கண்காணித்தல் ஒன்று; நோயாளியையோ ஒரு பிரதேசத்தையோ ஏனையோரிடமிருந்து பிரித்துவைத்தல் வேறொன்று. சிங்களத்தில் முன்னையதற்கு ‘நிரோதாயன’ என்றும் பின்னையதற்கு ‘ஹுதகலா’ என்றும் வெவ்வேறு சொற்கள் வழங்கின. தமிழிலோ இரண்டையும் ‘தனிமைப்படுத்தல்’ என்னும் ஒரே சொல் சுமந்தது. தனிமைப்படுத்தப்பட்ட வீதி என்றால் அவ்வீதியில் அனைவருக்கும் நோய் என்று பொருளா, நோய் வராமற் காக்கப்படுகின்றனர் என்று பொருளா? தமிழ் மட்டும் அறிந்த வாசகனுக்கு அறிவித்தல் இதனைத் தெளிவுபடுத்தவில்லை. தெளிவுபடுத்த முற்பட்டது வதந்தியே. அது தவறாகத் தெளிவுபடுத்தியது. ‘சமூக இடைவெளி’ என்ற தொடரும் இத்தகையதே. சாதியின் பெயரால் தள்ளிநிற்கப் பழக்கப்பட்ட ஒரு மொழிச் சமூகத்திலே, இருவர்க்கிடையேயுள்ள வெறும் தூரத்தைக் குறிக்க இதனைவிடப் பொருத்தமற்ற தொடர் கிடைத்திராது. ‘கொத்தணி’ என்ற சொல் ஓரளவு அழகானது. ஆனால் அதன் முன்னே ஓர் ஊரின் பெயரோ வீதியின் பெயரோ ஒட்டப்பட்டபோது, நோய் அவ்விடத்தாரின் குணமெனத் தோன்றலாயிற்று. பண்டாரநாயக்க மாவத்தையும் பேலியகொடையும் இவ்விதம் பெயர் பெற்றன.

சொல்லினும் வாக்கியம் முக்கியமானது. அரச அறிவித்தலின் வாக்கியத்திலே எழுவாய் பெரும்பாலும் மறைந்திருக்கும். மக்கள் ‘அறிவுறுத்தப்படுகின்றனர்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’, ‘அழைத்துச் செல்லப்படுவர்’. அறிவுறுத்துபவர் யார், எங்கே அழைத்துச் செல்வார், எப்போது திருப்பி அனுப்புவார் என்பன வாக்கியத்துக்கு வெளியே நிற்கும். வதந்தியின் வாக்கியமோ ஆட்களால் நிறைந்தது. பரிசோதகர் சொன்னாராம், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையைக் கொண்டுபோனார்களாம், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் கண்டாராம். இந்த ‘ஆம்’ என்னும் ஈற்றிடைச்சொல் தமிழ் வதந்தியின் இலக்கணத்துக்கே உரியது. சொல்பவர் தாம் நேரிற் காணவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கின்றது. அதாவது வதந்தி தனது சான்றின் வலுவின்மையைத் தானே அறிவித்துவிடுகின்றது. அறிவித்தல் அவ்வாறு செய்வதில்லை. இவ்வடிவ வேறுபாட்டைக் கவனியாதோர், வதந்தி பேசிய அனைவரும் அதனை முற்றாக நம்பினர் என்று கொண்டனர். பலர் நம்பவில்லை, கேட்டு வைத்தனர், அவ்வளவே. அறிவித்தல் விடையளிக்காமல் விட்ட வினாக்களை ஒருவரிடமொருவர் கேட்டுக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த ஒரே வடிவம் அதுவாகும்.

அவ்வினாக்கள் கற்பனையானவை அல்ல. 2020 ஏப்ரிலிற் பண்டாரநாயக்க மாவத்தையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தொலைவிலுள்ள நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யூலைத் தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்குத் தொற்று உண்டு எனக் கூறப்பட்டதும் கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள ஜிந்துப்பிட்டியில் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டனர். ஒக்டோபர் பிற்பகுதியிற் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் எனக் கொழும்பின் வடபகுதி முழுவதும் ஊரடங்குக்குள்ளாயிற்று. ‘பிடித்துக்கொண்டு போவார்களாம்’ என்பது வதந்தி என்று கடிந்துரைக்கப்பட்ட காலத்திலேயே பேருந்துகள் வந்து நின்றன. அதன் பின்னர், வெந்நீரைக் குடித்தாற் கிருமி இறங்கிவிடும் என்பது பொய் என அதே வாய் சொன்னால் அது எப்படி எடுபடும்? கொத்தமல்லி அவித்துக் குடித்தவரை மூடரென எள்ளியதும் இத்தகைய தவறே. கொத்தமல்லி நோயைத் தீர்க்காது. தீர்க்கும் என்று குடித்தவரைக் காட்டிலும், வேறெதுவும் தமக்குத் தரப்படவில்லை என்பதாற் குடித்தவரே அதிகம் எனலாம்.

இது புதிதன்று. 1896 ஒக்டோபரிற் பம்பாயில் ஏறக்குறைய ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆதர் வீதி வைத்தியசாலையைத் தாக்கினர். அங்கு கொண்டுசெல்லப்படுவோர் கொல்லப்படுகின்றனர் என்ற பேச்சே அதற்குக் காரணம். அக்காலத்து வதந்திகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னல்ட் அவற்றை வெறும் மூடநம்பிக்கையாகக் கொள்ளாது, குடியேற்ற ஆட்சி மக்களின் உடல்மீது செலுத்திய அதிகாரத்துக்கான எதிர்வினையாகவும் நோக்கினார். பிளேக் 1914இற் கொழும்பை வந்தடைந்தது. அப்போது மாநகர சபையின் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய எல். எப். ஹேர்ஸ்ட் எலித்தெள்ளின் இனங்களை வேறுபடுத்தி ஆராய்ந்து, நோய் ஏன் சில இடங்களில் மட்டும் பற்றிக்கொள்கின்றது என்பதற்கு விளக்கம் கண்டார். குப்பை அள்ளும் தாபனம் என்று பலராலும் எண்ணப்படும் ஒரு மாநகர சபை, உலகம் ஏற்றுக்கொண்ட அறிவொன்றை இந்நகரின் எலிகளிடமிருந்தே பெற்றது என்பது சுவையான செய்தி. ஆயின் சட்டம் மட்டும் மாறவில்லை. 2020இல் விடுக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் யாவும் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே பிறந்தன.

வதந்தி தீங்கற்றது என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவிலே மலட்டு மருந்து கலக்கப்படுகின்றது என்ற பேச்சு முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கச் செய்தது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் கண்டறிந்தார். தடுப்பூசி பற்றிய மலட்டுத்தன்மைக் கதைகள் எளிதாகப் பரவியதற்கு இம்முன்கதையும் ஒரு காரணமாகலாம். ஆகவே பொய்யைத் தடுப்பதற்குச் சட்டம் வேண்டும் என்போரின் கூற்றை முற்றாகப் புறக்கணித்தல் இயலாது. ஆனால் 2020 ஏப்ரில் முதலாம் திகதி பொலிஸ் தலைமையகம் விடுத்த எச்சரிக்கை, பொய் பரப்புவோரையும் அரச உத்தியோகத்தரின் கடமைகளைக் குறைகூறுவோரையும் ஒரே கயிற்றாற் கட்டியது. மனித உரிமைகள் ஆணைக்குழு அம்மாதத்திலேயே இதுகுறித்துக் கவலை தெரிவித்தது. குறைகூறலும் பொய்யும் ஒன்றென்றால், உண்மையைச் சோதிக்கும் வழி அடைபட்டுப்போகின்றது.

அவ்வாறு சோதிக்கப்படாத பொய்களுட் பெரியது அரசாங்கத்தின் வாயிலிருந்தே பிறந்தது. நோயால் இறந்தோரை அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்ற கூற்று அது. அடக்கமும் தகனமும் இரண்டுமே ஏற்புடையன என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே தெரிவித்திருந்தது. எனினும் ஏப்ரில் 11ஆம் திகதி வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. இதனை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசெம்பர் முதலாம் திகதி நிராகரித்தது. பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெண்துணித் துண்டுகளைக் கட்டினர். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி விதி திருத்தப்படும்வரை, நீர் மாசு பற்றிய இக்கதை அரச முத்திரையுடன் நிலைத்திருந்தது. அடக்கம் செய்யும் வழக்கமுடைய முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் செறிந்து வாழும் வடகொழும்பில் இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. பரிசோதனைக்குச் செல்வது வைத்தியத்துக்கான வாயில் என்பதற்குப் பதிலாகச் சிதைக்கான வாயில் என்று பொருள்பட்டது.

மற்றையவை இதனோடு ஒப்பிடுகையிற் சிறியவை, ஓரளவு நகைப்புக்கிடமானவையுங்கூட. 2020 நவெம்பரில் அமைச்சர்கள் மந்திரித்த நீர்க்குடங்களை ஆற்றில் இட்டனர். டிசெம்பரிற் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனை வெளிப்படையாகவே அருந்தினார். அடுத்த சனவரியில் அவருக்கும் தொற்று உறுதியாயிற்று. ‘பாணி’ என்ற சொல் தமிழில் நடையையும் குறிக்கும். அவ்வாட்சியின் பாணியே அதுவென்று நகைத்தோரும் உளர். ஆனால் முகக்கவசமின்றி வரிசையில் நின்ற அம்மக்கள் அமைச்சரைப் பின்பற்றினரேயன்றி வதந்தியைப் பின்பற்றவில்லை.

இந்நிலையில் உள்ளூராட்சியின் இடம் யாது? 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஓகஸ்ட் 5இலேயே தேர்தல் நடந்தது. மேல் மாகாண சபையின் பதவிக்காலமோ 2019 ஏப்ரிலிலேயே முடிந்திருந்தது. ஆகவே முதல் அலையின்போது, சனாதிபதியைத் தவிர, கொழும்பு மக்களாற் தெரிவுசெய்யப்பட்டுப் பதவியிலிருந்தது மாநகர சபை ஒன்றே. வதந்திக்கு விடைகூறும் தகுதி எவருக்கேனும் இருந்ததென்றால் அது அச்சபைக்கே இருந்தது. அதன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் குடும்பநல மாதுக்கும் எந்தத் தோட்டத்தில் எத்தனை குழாய் என்பது தெரியும். டெங்குக் காலத்திலிருந்தே வீட்டுக்காரர் முகமறிந்தவர்கள் அவர்கள். ஆனால் தலைமைப் பொறுப்போ இராணுவத் தளபதியின் தலைமையிலமைந்த தேசிய செயற்பாட்டு மையத்திடம் சென்றது. மாநகரப் பிரதம வைத்திய அதிகாரி ருவன் விஜயமுனி நகரில் எழுமாறாகப் பரிசோதனை நடத்திப் பெறுபேறுகளைப் பகிரங்கமாகப் பேசியமையும், நவெம்பரில் நகரைச் சில காலம் மூடுமாறு மேயர் ரோசி சேனநாயக்க கோரியமையும், மத்தி அதற்கு இணங்காமையும் பத்திரிகை வாசித்தோர் அறிந்தவையே. இரு அதிகாரங்கள் இருவேறு கதை கூறின. கேட்பவர் தமக்கு உகந்ததை எடுத்துக்கொண்டனர்.

மாநகர சபையைப் போற்றி நிறுத்திவிடுவதும் முறையாகாது. தன்னிடமிருந்த அண்மையை அது எண்ணுவதற்குப் பயன்படுத்திய அளவுக்கு விடையளிப்பதற்குப் பயன்படுத்தவில்லை. பரிசோதகர் மாதிரி எடுக்க வந்தார். கூலி இழப்புக்கு யார் பொறுப்பு, பிள்ளைகளை எவர் பார்ப்பார், இறந்தால் உடல் எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு விடைகூறும் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஐயாயிரம் ரூபா நிவாரணத்தைத் தீர்மானித்தவரும் வேறொருவர், சடலத்தைத் தீர்மானித்தவரும் வேறொருவர். அதிகாரமற்ற அண்மையும் அண்மையற்ற அதிகாரமுமாக அறிவித்தல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அரசாங்கத் தகவல் திணைக்களம் நாடோறும் வெளியிட்ட மரண அறிக்கைகளே அக்காலப் பனுவல்களுள் மிகக் கவனமாக வாசிக்கப்படவேண்டியவை. 2020 செப்டெம்பர் முடிவில் நாடு முழுவதிலும் இறந்தோர் 13 பேர் மட்டுமே. நவெம்பர் மாதத்து அறிக்கைகளிலோ கொழும்பின் பெயர் அடிக்கடி வருகின்றது. ஆண் அல்லது பெண், வயது, வதிவிடம், மரணத்துக்கான காரணம், மரணம் நிகழ்ந்த இடம் என்று ஒரே வாய்பாடு. பெயர் இல்லை, எழுவாயும் இல்லை. கட்டாயத் தகனத்துக்காக 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியபோது, அவ்வாறு எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 எனக் கூறப்பட்டது. வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சியோரின் தொகை எக்கணக்கிலும் இடம்பெறவில்லை. நவெம்பர் அறிக்கைகளில் மரணம் நிகழ்ந்த இடம் என்ற பகுதியிலே பலருக்கு வைத்தியசாலையின் பெயர் இல்லை. வீட்டில் என்றே எழுதப்பட்டிருந்தது.