கயிற்று வளையத்துக்குள் பாருங்கள்

எகிப்து போய்வந்த நண்பர்கள் நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன். நால்வரும் துட்டன்காமுனின் தங்க முகமூடியைப் பற்றியே பேசுகிறார்கள். அவனுடைய தங்க நாற்காலியை ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை. கேட்டால், "அத்தனை சாமி பேரு, அத்தனை ராஜா பேரு, யாரு ஞாபகம் வச்சுக்கறது?" என்கிறார்கள். எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்து வருகின்றன. மூவாயிரம் ஆண்டு அரசியலைக் கல்லில் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்க மூன்றே மூன்று எழுத்து தெரிந்தால் போதும்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் அரசன் ஹோரஸ் என்ற வல்லூறுக் கடவுளின் உருவம். கிசாவில் பிரமிடுகள் எழுந்த காலத்தில், கூஃபுவின் மகன் ஜெடெஃப்ரே தன்னை 'ராவின் மகன்' என்று அழைத்துக்கொள்கிறான். ரா என்றால் சூரியன். அரசனுக்கு மேலே ஓர் அப்பா வந்துவிட்டார். கி.மு. 2350 வாக்கில் உனாஸ் மன்னன் சக்காராவில் தன் பிரமிடின் உட்சுவர்களில் மறுமை மந்திரங்களைச் செதுக்கச் செய்கிறான்; அவை அரச குடும்பத்துக்கே உரியவை. சில நூற்றாண்டுகளில் அதே வகை மந்திரங்கள் அதிகாரிகளின் சவப்பெட்டிக்குள் ஏறிவிடுகின்றன. பிறகு பாப்பிரஸ் சுருளாகி, காசுள்ளவர் வாங்கும் பொருளாகின்றன. பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதிவைத்த சுருள்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. அரசனின் சொர்க்கம் குமாஸ்தாவுக்கும் திறந்துவிட்டது. இவ்வளவு போதும், கல்லுக்கு வருவோம்.

கோயில் சுவரில் நீள்வட்டமாக ஒரு கோடு, அதன் ஒரு முனையில் சின்னக் குறுக்குக் கோடு. அது முடிச்சுப் போட்ட கயிறு. ஆய்வாளர்கள் அதைக் கார்டூஷ் என்பார்கள். உள்ளே இருப்பது அரசன் பெயர். பெரும்பாலான அரசர்களுக்கு இரண்டு கார்டூஷ். கோரைப்புல்லும் தேனீயும் முன்னால் இருந்தால் அது முடிசூடியபோது எடுத்த பெயர். வாத்தும் சூரிய வட்டமும் இருந்தால் 'ராவின் மகன்' என்று பொருள். பிறவிப் பெயர் தொடரும். இப்போது ஆமுன் என்ற கடவுளின் மூன்று எழுத்துகள்: நாணல் இலை ஒன்று, மேலே காய்கள் நிற்கும் ஆட்டப் பலகை ஒன்று, நெளிநெளியான நீர்க்கோடு ஒன்று. இந்த மூன்றும் பெரும்பாலும் கார்டூஷின் தலைப்பிலேயே நிற்கும். துட்டன்காமுன் என்று படிக்கும்போது ஆமுன் கடைசியில் வந்தாலும் எழுதும்போது கடவுளுக்கே முதலிடம்.

இனி நான் சொல்லப்போவதை எந்த வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்லமாட்டார். சிதைந்த கார்டூஷைக் கண்டால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது வெட்டியதா, மாற்றி எழுதியதா? இரண்டையும் 'அழித்துவிட்டார்கள்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது சோம்பல். மாற்றி எழுதுபவனுக்கு அந்தப் பொருள் வேண்டும், அதன் புண்ணியமும் வேண்டும். பெயர் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். பழைய கோயில்களை மீட்டேன் என்று துட்டன்காமுன் கார்னக் கோயிலில் நிறுத்திய கல்வெட்டில் பின்னால் வந்த அரசன் ஹோரெம்ஹெப் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது அப்படி. அங்கே நம்பிக்கை மாறவில்லை, உரிமையாளர்தான் மாறினார். வெட்டுபவன் வேறு ஆள். துட்டன்காமுனுக்கு முன் ஆண்ட, சூரிய வட்டத்தையே ஒரே கடவுளாகக் கொண்ட அரசன் அகெனாதனின் உளிக்காரர்கள் ஆமுனைத் தேடித் தேடி வெட்டினார்கள். அவனுடைய சொந்தத் தந்தை ஆமென்ஹோதெப்பின் கார்டூஷுக்குள்ளும் புகுந்து, அந்த நாணலையும் பலகையையும் நீர்க்கோட்டையும் கொத்தியெடுத்தார்கள். பெயரின் மிச்சம் அப்படியே நிற்கும். அப்பா இருக்கலாம், அப்பா பெயரில் இருந்த சாமி இருக்கக்கூடாது. அந்தக் கொத்தல் தடத்தை நல்ல படம் ஒன்றில் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றியுள்ள எழுத்துகள் வழவழப்பாக இருக்க, அந்த ஒரு பகுதி மட்டும் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருக்கும்.

இரண்டையும் தாண்டிய விசேஷம் கார்னக்கில் நிற்கிறது. ஹாட்ஷெப்சுட் அரசி நிறுத்திய கல்தூண், ஏறக்குறைய 30 மீட்டர், ஒரே கல். அவளுக்குப் பின் மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அதன் கீழ்ப்பகுதியைச் சுவர் வைத்து மூடினார்கள். அகெனாதன் காலத்தில் மேலே இருந்த ஆமுன் உருவங்களை வெட்டினார்கள். பிறகு முதலாம் சேத்தி மன்னன் அவற்றைத் திரும்பச் செதுக்கினான். ஒரே கல்லில் மறைத்தது, வெட்டியது, மீட்டது மூன்றும் இருக்கின்றன. இதன் முன்னால் முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்!

அகெனாதனைப் பற்றி ஒரு மோகம் உண்டு. உலகின் முதல் ஒரே கடவுள்காரன், கனவு காண்பவன், அன்பின் தூதன் என்று எழுதிக் குவிக்கிறார்கள். மேலோட்டமான பேச்சு. அவன் காலத்துச் சிற்பத்தை உற்றுப் பாருங்கள். ஆதென் என்ற சூரிய வட்டத்திலிருந்து கதிர்கள் இறங்கும். ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு கை. உயிரின் சின்னத்தை அந்தக் கை நீட்டுவது அரசன், அரசி மூக்குக்கு மட்டும். எதிரே குனிந்து நிற்கும் அதிகாரிக்கு ஒன்றும் கிடைக்காது. அதைவிட முக்கியம், ஆதெனின் பெயரே இரண்டு கார்டூஷுக்குள் எழுதப்பட்டது. கடவுளை அரசனாக்கிவிட்டான். அந்த அரசனிடம் போக ஒரே வாசல் அவன்தான். கோயில் கையிலிருந்த பிடியை அரண்மனைக்கு இழுத்த வேலை அது. பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்தி மட்டும் என்பதைத்தான் ஏற்கமாட்டேன்.

இப்போது துட்டன்காமுனின் அந்தத் தங்க நாற்காலிக்கு வாருங்கள். அதன் சாய்மானத்தில் ஆதெனின் கைகள் இன்னும் நீண்டிருக்கின்றன. அகெனாதனுக்குப் பின் வந்த இந்த இளம் மன்னனின் பெயர் அதே நாற்காலியில் ஓரிடத்தில் துட்டன்காதென், இன்னோரிடத்தில் துட்டன்காமுன். ஒரு நாட்டின் மதம் திரும்பிய கணம் அது. முகமூடிக்கு முன் நிற்கும் கூட்டத்தை விட்டுவிட்டு நீங்கள் இங்கே வாருங்கள்.

இன்னும் ஒன்று, இதை நெருங்கியவர்களிடம் மட்டுமே சொல்வேன். கி.மு. 1080 வாக்கில், பதினொன்றாம் ராமேசஸ் இன்னும் பெயரளவுக்கு அரசனாக இருக்கும்போதே, கார்னக்கில் ஹெரிஹோர் என்ற தலைமை அர்ச்சகர் தனக்கு இரண்டு கார்டூஷ் போட்டுக்கொண்டார். முடிசூட்டுப் பெயர் இருக்க வேண்டிய வளையத்துக்குள் அவர் எழுதியது 'ஆமுனின் தலைமை அர்ச்சகர்'. பதவியே பெயராகிவிட்டது. எனக்கு முதன்முதலில் இது புரிந்த இரவில் தூக்கம் வரவில்லை.

கடைசியாக தெந்தேரா போங்கள். கிளியோபாட்ரா குடும்பத்தின் இறுதிக் காலத்தில் எழுந்த ஹாதோர் கோயில் அது. சுவரில் அரசன் நிற்கிறான், காணிக்கை தருகிறான், கடவுள் வாங்கிக்கொள்கிறார். அவன் தலைக்குப் பக்கத்தில் கார்டூஷ் இருக்கிறது, கயிறும் முடிச்சும் கச்சிதமாக இருக்கின்றன. பல இடங்களில் உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. பூசைக்கு ஓர் அரசன் வேண்டியிருந்தது. எந்த அரசன் என்பதைச் சிற்பி நிரப்பவே இல்லை. அந்த வெற்று வளையங்களுக்கு முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.