லாரியைத் தண்டவாளத்தில் ஓட்டுகிறவர்கள்

"அப்படியே நம்ம ஊர் ரோடு மாதிரியே இருக்கு!" தமிழ்நாட்டுச் சாலைகளை வீடியோ கேமுக்குள் கொண்டுவருகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் ஆகப் பெரிய பாராட்டு இதுதான். 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'இல் இந்திய நெடுஞ்சாலைகளை வரைந்து சேர்ப்பவர்களும், 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் நம் அரசுப் பேருந்தையும் ஆம்னி பஸ்ஸையும் ஓடவிடுகிறவர்களும் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ராத்திரி கண்விழிக்கிறார்கள். பாராட்டாக இருந்தவரை அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அது வாதமாகவும் ஆகிவிட்டது. அந்த உலகத்தில் சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லையே என்று கேட்டால், "நம்ம ஊரையே உள்ள கொண்டுவந்தாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார்கள். இதற்கு மேல்தான் எல்லாமே வேண்டும் என்பது என் கட்சி.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். விளையாட்டுக்குள் இப்படி வண்டியும் சாலையும் செய்து சேர்க்கும் இந்த 'மோட்' செய்பவர்களின் கைத்திறன் சாதாரணமானதில்லை. நாமக்கல் பட்டறையில் கட்டிய லாரியின் நெற்றி, பக்கப் பலகையில் தீட்டிய பூ வேலை, முன்கண்ணாடிக்கு மேல் எழுதிய சாமி பெயர், ஏர் ஹாரனின் இழுவை எல்லாம் ஒன்றுவிடாமல் வந்துவிடுகின்றன. பலர் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட அந்த இந்தோனேசிய விளையாட்டு, வெளியார் செய்த வண்டிகளுக்கு இடம் கொடுத்தது. அந்த நாட்டிலும் வண்டி சாலையின் இடப்பக்கம்தான் ஓடுகிறது. பஸ் ஹாரனில் ராகம் வாசிக்கும் பித்து ஜாவாவிலும் உண்டு. எல்லாம் நம் பையன்களுக்கு வசதியாகப் போயிற்று. லாரியால் சோறு தின்னும் ஊரில் பிறந்தவன் தன் அப்பா ஓட்டிய வண்டியைத் திரையில் பார்ப்பதில் இருக்கும் பெருமிதத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

என் ஆட்சேபம் அந்தப் பெருமிதத்தை அளவுகோலாக்கும்போது தொடங்குகிறது. தெரிந்ததை அடையாளம் காண்பது ஓர் இன்பம். தெரியாததைத் தேடிக் கண்டடைவது வேறோர் இன்பம். முன்னது சீக்கிரம் தீர்ந்துபோகும். சேலத்துக் கொண்டலாம்பட்டி பைபாஸைத் திரையில் பார்த்ததும் வரும் சிலிர்ப்பு இரண்டாம் முறை பாதியாகும், மூன்றாம் முறை இராது. அந்தச் சிலிர்ப்பு பார்ப்பவனின் நினைவிலிருந்து வந்தது; விளையாட்டு அதில் ஒன்றையும் கூட்டவில்லை. கொண்டலாம்பட்டியைப் பார்த்தே இராத ஒருவனுக்கு அதே காட்சி வெறும் மேம்பாலம். இஷ்டம்போலத் திரிய விடும் ஓப்பன் வேர்ல்டு விளையாட்டில் ஒருவன் கொடுத்த மிஷனை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திரிகிறான் என்றால், அவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெரிந்ததை மட்டுமே அடுக்கிய உலகத்தில் இழுப்பதற்கு எதுவுமில்லை.

ஒரு விளையாட்டு எப்படி இழுக்கிறது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று போதும். 2004இல் வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' நம் பிரவுசிங் சென்டர் தலைமுறைக்கு மனப்பாடம். மூன்று நகரங்கள், பாலைவனம், காடு, சிலியட் மலை என்று ஒரு மாநிலமே அதற்குள் இருப்பதாக நம்பினோம். உண்மையில் அது சின்ன நிலம். தூரத்தை மறைத்த மூட்டமும், நேராகப் போகாமல் வளைந்து சுற்றிய சாலைகளும் சேர்ந்து அதைப் பெரிதாகக் காட்டின. 2021இல் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது தூரம் பளிச்சென்று துலங்கியது. மலையுச்சியில் ஏறி நின்றால் நகரங்கள் ஒன்றின் கொல்லையில் மற்றொன்று கிடந்தன. ஒரு சாலையும் மாறவில்லை, ஒரு கட்டடமும் குறையவில்லை. காட்சி துல்லியமானது, உலகம் சுருங்கிப்போனது. துல்லியத்தை வழிபடுகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்துக்காவது பதில் சொல்ல வேண்டும்.

2017இல் வந்த நிண்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' இதே ரகசியத்தைத் தெரிந்தே கையாண்டது. தொடக்கத்தில் உயரமான கோபுரங்களை வழிகாட்டிகளாக வைத்துப் பார்த்தார்கள்; சோதனைக்கு விளையாடியவர்கள் கோபுரம்விட்டுக் கோபுரம் போனார்கள், தங்களை யாரோ நடத்திச் செல்வதாக உணர்ந்தார்கள். பிறகுதான் முக்கோண வடிவங்களுக்கு வந்தார்கள். குன்றோ பாறையோ எதிரில் நிற்கிறது. அது கண்ணையும் இழுக்கிறது, பின்னால் இருப்பதையும் மறைக்கிறது. ஏறுவதா சுற்றுவதா என்பது விளையாடுபவனின் பாடு. ஏறினால் இன்னொன்று தெரியும், சுற்றினால் வேறொன்று. தூரங்களை நிதானிக்கக் கியோட்டோ நகர வரைபடத்தை எடுத்து விரித்தார்கள். கவனிக்க வேண்டிய இடம் இது: கியோட்டோவிலிருந்து அவர்கள் வாங்கிக்கொண்டது ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் இடையிலான தூரத்தின் உணர்வை. கடைப் பலகைகளை வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த வித்தையைக் கற்க நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. சேலத்தைச் சுற்றி வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோடுமலை. தெற்கே சமவெளியில் இறங்கினால் சங்ககிரி ஒரு மலை, திருச்செங்கோடு ஒரு மலை, நாமக்கல் ஒரு பாறை. இடையிலெல்லாம் கரடுகள். ஒவ்வொன்றும் தன்னைக் காட்டிக்கொண்டே எதையோ மறைக்கிறது. நாமக்கல்லுக்கு வெளியிலிருந்து தெரிவது பாறையும் அதன் தலையில் கோட்டைச் சுவரும்தான். பாறையின் அடியைக் குடைந்து நரசிம்மர் இருப்பதும், எதிரே கூரையில்லாமல் 18 அடி ஆஞ்சநேயர் நிற்பதும் அருகே போனவனுக்கே தெரியும். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் கிழக்கே சுவர்போல நிற்கும் கொல்லிமலையைப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் அங்கே ஓர் அருவி விழுகிறது என்று கீழிருந்து பார்ப்பவனுக்கு அந்தச் சுவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஓப்பன் வேர்ல்டு வடிவமைப்புக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

நகல் செய்பவர்கள் இந்தப் பாடப்புத்தகத்தில் அட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். டோல்கேட் வந்துவிடுகிறது. ஃப்ளெக்ஸ் பேனர் வந்துவிடுகிறது. பரோட்டாக் கடையின் பெயர்ப் பலகை எழுத்துப் பிசகாமல் வந்துவிடுகிறது. மலைகள் அடிவானத்தில் ஒட்டிய படமாகிவிடுகின்றன. கண்ணை இழுக்கும், மறைக்கும், வளைக்கும் வேலையை இந்த நிலத்தில் செய்துவந்தது எதுவோ அது மட்டும் வருவதில்லை.

சுருக்குவதிலும் இதே கோளாறு. யூரோ டிரக் சிமுலேட்டர் 2இன் உலகம் ஏறத்தாழ 19இல் ஒரு பங்கு. சேலம்–நாமக்கல் தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; அந்தக் கணக்கில் அது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, லாரி வேகத்தில் இரண்டரை நிமிடம். இந்தச் சுருக்கத்தைக் குறையென்று புலம்பி, நிஜ அளவில் முழுச் சாலையும் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சுருக்கம்தான் கலையே. இரண்டரை நிமிடத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வளைவில் கொல்லிமலையை முதன்முதலாகக் கண்ணில் படவைப்பது என்ற முடிவுகளில்தான் ஒரு வடிவமைப்பாளனின் பார்வை தெரியும். மல்லூரையும் புதுச்சத்திரத்தையும் வரிசை தவறாமல் அடுக்கிவைத்தால் கிடைப்பது பஸ்ஸின் பெயர்ப் பலகை.

எதிர்வாதம் தெரிந்ததே: "அது சிமுலேட்டர் சார், ஓட்டுவதுதான் சுகம். சுற்றிப் பார்க்க வேறு கேம் இருக்கிறது." ரயில் விளையாட்டைப் பற்றி இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். சென்னையின் ஹைபிரோ இன்டராக்டிவ் செய்த 'இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்' நேர்மையான விளையாட்டு. ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. அதில் திரும்ப முடியாதது குறையாகாது. லாரியின் கதை வேறு. திரும்ப முடிவதால்தான் அது லாரி. நம் வரைபடங்களில் ஓடும் லாரியோ திரையின் மூலையில் கிடக்கும் வண்ணக் கோட்டைப் பிடித்துக்கொண்டு லோடு ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடத்துக்குப் போகிறது. கிளைச்சாலையில் திருப்பினால் தடுப்பு. தடுப்பில்லாவிட்டால் வெறும் பச்சைத் தரை. ஆக, இவர்கள் நம் ஊர் லாரிக்கு நம் ஊர் பெயின்ட் அடித்து அதைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள். போனில் படம் பார்த்து வழி தெரிந்துகொள்ளும் காலத்துக்கு முன்பே இந்தியா முழுவதும் போய்வந்த ஓட்டுநர்களின் ஊர் இது. ஒரு மரம், ஒரு கோயில், ஒரு டீக்கடை, அங்கே நிற்கும் ஆளிடம் ஒரு கேள்வி என்றுதான் அவர்கள் வழி கண்டார்கள். 2002இல் வந்த 'மாரோவிண்ட்' விளையாட்டில் அப்படித்தான் வழியை வாய்ச்சொல்லாகக் கேட்டு, நிலத்தைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அம்புக்குறி இல்லை. நாமக்கல் லாரியை அச்சாகச் செய்தவர்கள், அந்த லாரியை ஓட்டிய மனிதனின் அறிவை வெளியே நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பெயர் யதார்த்தமா?

பொருத்தம் குறைந்தாலும் தேடல் சுவைக்கும் என்பதற்கும் உதாரணம் நம் பக்கமே இருக்கிறது. 2017இல் வந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலையையும் ஹொய்சாளர்களையும் எடுத்துக்கொண்டு கண்டபடி குழப்பியது. ஹளேபீடு போய்வந்தவர் எவரும் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அதில் வரும் அந்த ஒரு பரந்த வெளியில், கோபுரத்தில் ஏறிச் சுற்றும் பார்த்து, கதாநாயகி காகித வரைபடத்தில் தன் கையால் குறித்துக்கொண்டு, ஜீப்பில் எந்தத் திசையில் வேண்டுமானாலும் இறங்கும்போது ஒரு நாட்டைப் பார்க்கப் புறப்பட்ட உணர்வு வருகிறது. பொய்யான கர்நாடகம் செய்த வேலையை நிஜமான நாமக்கல் செய்யவில்லை. மறுகோடியில் நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடும் 'இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி' இருக்கிறது. அதில் போனில் ஒரு எண்ணை அடித்தால் கேட்ட வண்டி வந்து நிற்கும். அங்கும் வண்டிதான் இந்தியா. ஊர் வெறும் ஓடுதளம். வண்டியிடம் இருக்கும் காதலில் பத்தில் ஒரு பங்கு மண்ணிடம் இல்லை.

மண்ணை வைத்து விளையாட்டுச் செய்ய முடியாது என்பவர்கள் திருச்செங்கோட்டைப் பார்க்கட்டும். போர்வெல் போடும் ரிக் லாரிகள் இங்கிருந்து வட இந்தியா வரை போகின்றன. ரிக் ஒன்று, குழாய்களைச் சுமக்கும் துணை லாரி ஒன்று, ஒரு கூட்டம் ஆட்கள். அவர்களுக்கு என்ன தேடுகிறோம் என்று தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. அலைந்து தேடும் விளையாட்டுக்கு இதைவிடச் சுத்தமான முடிச்சு உண்டா? நிலத்தடி நீருக்குப் புற்றையும் மரங்களையும் அடையாளமாகச் சொல்ல ஆறாம் நூற்றாண்டின் 'பிருகத் சம்ஹிதை'யில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து நீரோட்டம் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நம்பலாமா, பாறையின் நிறத்தை நம்பலாமா, பக்கத்துக் காட்டுக் கிணற்றின் ஆழத்தைக் கேட்டு முடிவெடுக்கலாமா? தப்பான இடத்தில் துளையிட்டால் டீசல் காசும் போகும், ஊரில் பெயரும் கெடும். இப்படியொரு விளையாட்டில் ஒவ்வொரு வேலியும், கரடும், காய்ந்த ஓடையும் பேசும். விளையாடுகிறவன் நிலத்தைப் படித்தே ஆக வேண்டும். அதற்குள் வரும் ஊர் நிஜ ஊரா கற்பனை ஊரா என்ற கேள்வியே எழாது. எங்கள் வட்டாரத்திலிருந்து உலகத்துக்குக் கொடுக்கக்கூடிய விளையாட்டு இது. நாங்களோ டோல்கேட் பலகையின் எழுத்துருவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடுமையாகச் சொல்கிறேன் என்றால், இந்த 'நம்ம ஊர் மாதிரியே' மயக்கம் திறமையுள்ள இளைஞர்களைக் காவு வாங்குகிறது என்பதால் சொல்கிறேன். பலகை எழுத்தைப் பொறுக்கிச் சேர்க்கும் பொறுமை உள்ளவனுக்கு மலையை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் பொறுமையும் இருக்கும். யாரும் அதை அவனிடம் கேட்கவில்லை, அதற்காகப் பாராட்டவும் இல்லை. கேட்பவர்கள் மாறினால் செய்பவர்களும் மாறுவார்கள். அடுத்த முறை ஒரு தமிழ்நாட்டு வரைபடம் வெளிவந்தால், பார்த்த மாதிரி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் ஆண்டகளூர் கேட்டில் வண்டியை இடப்பக்கம் ராசிபுரத்துக்குத் திருப்பிப் பாருங்கள். திருப்ப விட்டால், திரும்பிய பிறகு இன்னொரு முறை திருப்பத் தோன்றினால், செய்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடலாம். அங்கே ஒரு தடுப்பு நின்றால், எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அது தோற்ற விளையாட்டு.