குழம்பு மட்டும் ஊத்திக்கோ

"கறிய எடுத்துட்டேன்டா தம்பி. குழம்பு மட்டும் ஊத்திக்கோ."

கறி தின்கிற வீட்டில் பிறந்து நடுவில் நிறுத்தியவர்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் முதன்முதலாகக் கேட்டது 2019 ஆகஸ்டில், சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது நியாயமான சமரசம். துண்டைத்தானே வேண்டாம் என்கிறான், சாற்றில் என்ன இருக்கிறது? நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, குழம்பிலும் கறிதான் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் பெங்களூர் திரும்பியதும் 'நான் ஏன் சைவமானேன்' என்று நீளமாக ஒரு பதிவு எழுதினேன். பன்னிரண்டு காரணங்கள், வரிசை எண்ணோடு. தண்ணீர்ச் செலவு, மீத்தேன், பண்ணைக் கோழிக்குப் போடும் ஆன்டிபயாடிக், கொலஸ்ட்ரால் எல்லாம் வந்தன. மென்பொருளின் புதிய வெர்ஷன் வெளியிடும்போது நாங்கள் எழுதும் ரிலீஸ் நோட்ஸ் மாதிரியே இருந்தது. பழைய வெர்ஷனில் இந்தக் குறைகள், புதியதில் சரிசெய்யப்பட்டுள்ளன. நிறைய பேர் பகிர்ந்தார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. ஒரு சிக்னலில் என் பக்கத்தில் நின்ற பைக்கின் இரண்டு பக்கமும் பிராய்லர் கோழிகளைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றின் அலகு என் முழங்காலில் இரண்டு மூன்று தடவை உரசியது. சிக்னல் விழுந்ததும் பைக் போய்விட்டது. அன்று மதியம் பிரியாணி இறங்கவில்லை, அதன் பிறகும் இறங்கவில்லை. இவ்வளவுதான். ஒரு இன்ஜினியர் இதை எழுதினால் சிரிப்பார்களோ என்று பன்னிரண்டு காரணங்களைத் தேடிச் சேர்த்தேன். அந்தப் பதிவில் கோழியும் இல்லை, அம்மா விட்டுப்போன கரண்டியும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பதிவுக்கு நானே எழுதும் விமர்சனம். கூடவே, இந்த விஷயத்தை எழுதிய சில பெரிய புத்தகங்களையும் அதே கேள்வியோடு படித்துப் பார்க்கிறேன். புலாலை விட்டவர்களின் கதைகளில் விட்டவர் இருப்பார், விலங்கு இருக்கும், தத்துவம் இருக்கும். அதுவரை அவருக்குச் சமைத்துப் போட்டவர் எங்கே போனார்?

முதலில் 'சத்திய சோதனை'. இந்த வகை எழுத்துக்கெல்லாம் தாய்ப்பிரதி அதுதான். காந்தியின் கதை நம்முடையதற்கு நேர்த் திசை. அவருக்குச் சைவம் வீட்டில் கிடைத்தது, கறி நண்பன் காட்டிய கலகம். ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டுக்கறி தின்றார். அன்று இரவு ஆடு வயிற்றுக்குள் கத்துவது போலிருந்தது என்கிறார். எல்லோரும் அந்த ஆட்டை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை, ஒரு வருட காலத்தில் இன்னும் சில தடவை தின்றார். நிறுத்தியது, வெளியே தின்றுவிட்டு வந்து வீட்டில் 'பசியில்லை' என்று அம்மாவிடம் பொய் சொல்ல முடியாமல். 1888இல் லண்டன் போனபோதும் அவரைக் கட்டியிருந்தது அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் மட்டுமே. எல்லோரும் கறி தின்னவேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்திருக்கிறார். ஃபாரிங்டன் தெரு உணவகத்தில் ஹென்றி சால்ட்டின் சிறு நூலை வாங்கிப் படித்த பிறகுதான் விரும்பிச் சைவமாகிறார். ஆக, பழக்கம் முதலில், காரணம் பிறகு. இதை ஒளிக்காமல் எழுதியதில்தான் அந்தப் புத்தகத்தின் நேர்மை இருக்கிறது. என் பன்னிரண்டு காரணங்களும் பிறகு வந்தவைதான். நான் அதைச் சொல்லவில்லை.

சமைப்பவர் அங்கே இருக்கிறாரா? கொஞ்சம் இருக்கிறார். இந்தப் பையனுக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் திண்டாடும் லண்டன் வீட்டுக்காரம்மா வருகிறார். ஆனால் என்னை நிறுத்திய இடம் 1918. கடும் சீதபேதி, உடம்பு தேறப் பால் குடித்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். பசுவையும் எருமையையும் கடைசிச் சொட்டு வரை கறக்கச் செய்யும் கொடுமையை அறிந்து பாலையே விட்டிருந்தார் காந்தி. பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா குறுக்கிட்டு, அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடை இல்லையே என்று கேட்கிறார். காந்தி இசைகிறார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி ஆன்மாவைக் கைவிட்டேன் என்ற பொருளில் பின்னால் வருந்துகிறார்.

பல வருடங்களாக அந்தப் பக்கத்தைக் காந்தியின் பக்கமிருந்தே படித்தேன், ஒரு சறுக்கல் என்று. இப்போது அது எனக்குப் 'குழம்பு மட்டும் ஊத்திக்கோ'வின் குஜராத்தி வடிவமாகப் படுகிறது. தத்துவம் தெரியாத அடுக்களை, ஆளைச் சாக விடாமல் இருக்க ஒரு சந்து கண்டுபிடித்துத் தருகிறது. அந்த ஒரு கேள்வியால் அவர் பிழைத்தார். அது சறுக்கல் என்றால், யாருடைய சறுக்கல்?

ஜே.எம். கூட்ஸி 1999இல் வெளியிட்ட 'தி லைவ்ஸ் ஆஃப் அனிமல்ஸ்' வேறு ஜாதிப் புத்தகம். எலிசபெத் காஸ்டெல்லோ என்ற வயதான நாவலாசிரியர் ஒரு அமெரிக்கக் கல்லூரியில் விலங்குகளைப் பற்றிப் பேச வருகிறார், மகன் வீட்டில் தங்குகிறார். நண்பர்கள் அந்த உரைகளைத்தான் சிலாகிப்பார்கள். எனக்கு முக்கியம், மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. பாட்டிக்குக் கறியைப் பார்க்கப் பிடிக்காது. பிள்ளைகளின் சாப்பாட்டை மாற்ற மருமகள் நார்மா தயாரில்லை. அதனால் பேரப்பிள்ளைகள் தனி அறையில் உட்கார்ந்து கோழி தின்கிறார்கள். ஒரு குடும்பம் இரண்டு பந்தியாகிறது. தன் உணவுப் பழக்கம் அறநம்பிக்கையிலிருந்து வருகிறது என்று ஒருவர் பாராட்டும்போது, காஸ்டெல்லோ அதை ஏற்பதில்லை. என் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை என்று மாற்றிச் சொல்கிறார். தன் காலில் தோல் செருப்பு, கையில் தோல் பை என்கிறார். எந்தச் சைவ எழுத்திலும் இதைவிட நேர்மையான இடத்தை நான் படித்ததில்லை. ஆனால் கூட்ஸி நார்மாவைச் சிடுசிடுப்பான மருமகளாக மட்டும் விட்டுவிடுகிறார். நார்மாவும் தத்துவம் படித்தவள்தான். மூன்று வேளை இரண்டு விதமாக மேஜை போடுவது யார் என்று அந்தப் புத்தகம் அவளிடம் கேட்கவில்லை.

எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, 2021 வரை.

அந்த வருடம் சென்னைக்கு மாறினேன். பார்த்த வீடுகளில் பிடித்தது ஒன்று, வாசலிலேயே 'வெஜ் ஒன்லி'. வீட்டுக்காரர் "நீங்க வெஜ்ஜா?" என்றார். ஆமாம், உண்மை. "பூர்வீகமாவே வெஜ்ஜா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். அட்வான்ஸ் தொகையில் பத்தாயிரம் குறைத்துக்கொண்டார்.

2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சைவம் சாப்பிடுபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். அந்த இரண்டு பேரின் பழக்கத்துக்கு 'சுத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் விசாரித்தது என் சாப்பாட்டை அல்ல, என் தாத்தாவை. அது எனக்கு நன்றாகத் தெரியும். கோழிக்காகக் கறியை விட்டவன், ஒரு பால்கனிக்காகத் தாத்தாவை விட்டேன். இதுதான் அந்தப் பதிவில் வந்திருக்கவேண்டிய பதின்மூன்றாவது விஷயம். இந்த ஊரில் ஒருவன் கறியை நிறுத்தினால், அவன் கேட்காமலேயே ஒரு சலுகை அவன் பேரில் வரவு வைக்கப்படுகிறது. ஊரில் மாமா "என்ன மாப்ள, ஐயராயிட்டியா?" என்று சிரித்தபோது கோபப்பட்டேன். அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்.

தீபாவளி முடிந்து அம்மா வந்தாள். பையில் முறுக்கு, பருப்புப்பொடி, தினத்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி நெத்திலிக் கருவாடு. வாடை வரும்மா, கீழே வீட்டுக்காரர் இருக்கிறார், இங்கே வேண்டாம் என்றேன்.

"உனக்கு வேணாம்னா சரி. எனக்குமா வேணாம்?"

பதில் சொல்லவில்லை. மறுநாள் பொட்டலத்தைக் காணோம். எதிரே கட்டட வேலைக்கு வந்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பத்து நாள் சாம்பார், ரசம். ஊருக்குக் கிளம்பும் முன்தினம், காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "மாசத்துக்கு ஒருக்காதான் கறி எடுப்போம். ஒங்கப்பாவுக்கும் ஒனக்கும் போட்டுட்டு, சட்டிய வழிச்சு நான் சோத்துல பெசஞ்சு திம்பேன். இப்பதான் நாலு துண்டு எனக்குன்னு எடுத்து வச்சுத் திங்க முடியுது. இப்பப் பாத்து நீ வேணாங்குற." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் போன பிறகுதான் ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' நாவலை இரண்டாம் முறை எடுத்தேன். கொரிய மொழியில் 2007இல் வந்தது, 2016இல் சர்வதேச புக்கர், 2024இல் ஆசிரியருக்கு நோபல். தமிழில் 'மரக்கறி' என்று வந்திருப்பது நல்ல தலைப்பு. 'சைவம்' என்றால் கூடவே ஒரு மதமும் குலமும் வந்து உட்கார்ந்துவிடும். மரக்கறி வெறும் சாப்பாட்டின் பெயர்.

முதல் வாசிப்பில் நான் யோங்-ஹே பக்கம். கனவு கண்டு கறியை விட்டவள், குடும்பமே துரத்துகிறது. நான்தானே அது என்று நினைத்தேன். இரண்டாம் வாசிப்பில் கண்ணில் பட்டது வேறு. இந்த வரிசையில் சமைப்பவளே நிறுத்துகிற கதை இது ஒன்றுதான். அதனால்தான் அது வீட்டையே உலுக்குகிறது. கணவன் எழுந்து பார்க்கும்போது அவள் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாட்டிறைச்சியையும் பன்றியையும் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவனுடைய முதல் கவலை தன் சாப்பாடு. ஒரு ஆண் கறியை விட்டால் அது கொள்கை, கூடுதலாக ஒரு பாத்திரம் ஏறும். ஒரு பெண் விட்டால் அடுப்பே நின்றுபோகும், ஆகவே அது பைத்தியம்.

பிறகு அந்த விருந்து. அக்காவின் புது வீட்டில், எல்லோர் முன்னிலையிலும் அப்பா அவளை அறைந்து, பன்றித் துண்டை வாய்க்குள் திணிக்கிறார். அவள் கத்தியால் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கருப்பு ஆட்டுச் சாறு கொண்டுவந்து, மூலிகை மருந்து என்று பொய் சொல்லிக் குடிக்க வைக்கிறாள். கடைசிப் பகுதியில் டாக்டர்கள் மூக்கு வழியே குழாய் விடுகிறார்கள். நாவல் முழுக்க யாராவது ஒருவர் அவள் வாய்க்குள் எதையாவது தள்ளுகிறார்கள். கறி தின்பதை அந்த நாவலின் வன்முறை என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது, இன்னொருவர் வாய்க்குள் என்ன போகவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அது என்று தோன்றுகிறது. அந்த அப்பா திணித்தார். நான் பத்து நாள் ஒரு வாயை மூடிவைத்தேன். எதிரெதிர்த் திசையில் ஒரே வேலை.

நாவலின் மீது ஒரு குறையும் உண்டு. யோங்-ஹே மனிதர்களிடமிருந்து நகர்ந்து மரமாகிக்கொண்டே போகிறாள். அது கலையாகப் பெரிய விஷயம். ஆனால் கறியை விட்டும், மரமாகாமல், அதே வீட்டில் அதே சட்டியைச் சுற்றி உட்கார வேண்டியவர்களின் கதை அதில் இல்லை. நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான்.

அந்தச் சிக்கல் நம்மிடம் பழையது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தந்த இறைச்சியை இரவும் பகலும் தின்று பொருநனின் பற்கள் உழுத கொழு போல மழுங்குகின்றன. விருந்தென்றால் ஊன். வள்ளுவர் புலால் மறுத்தலைப் 26ஆம் அதிகாரமாக வைக்கும்போது அது துறவறவியலில் வருகிறது. விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், இல்லறவியல். தின்பதற்கு வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்குக் கொல்வோர் இருக்கமாட்டார்கள் என்று அவர் அங்கே வைக்கும் வாதம் எல்லோருக்குமானதுதான், அதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. ஆனால் வைத்த இடம் யோசிக்க வைக்கிறது. இல்லறத்தானிடம் முதலில் கேட்கப்படுவது விருந்து. என்னைப் போன்றவர்கள் துறவறத்தின் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இல்லறத்தின் சௌகரியங்களில் இருந்தபடி, அம்மாவின் வீட்டில் சட்டம் போடுகிறோம்.

நான் மறுபடி கறி தின்ன ஆரம்பிக்கவில்லை. அந்தக் கோழியின் அலகு இன்னும் முழங்காலில் இருக்கிறது. காரணம் கேட்பவர்களிடம் இப்போது அதை மட்டும் சொல்கிறேன். மாறியது ஒன்றுதான். போன வருடம் வீடு மாற்றினேன். இந்த வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே, ஊரிலிருந்து அம்மா வந்தால் கறிமீன் சமைப்பார்கள் என்றேன். "அதெல்லாம் உங்க இஷ்டம் சார்" என்றார். வாடகை இரண்டாயிரம் அதிகம்.

இப்படி ஒரு புத்தகம் யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன். மகன் கறியை விட்ட கதையை அம்மா சொல்லவேண்டும். சட்டியை வழித்துத் தின்றவள் பார்வையில் அஹிம்சை எப்படி இருக்கிறது என்று அதில் தெரியவேண்டும்.

புது வீட்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினேன். குழம்பு கொதிக்கும்போது ஒரு நிமிடம் தயங்கி, "வாடை போயிரும்ல தம்பி?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.